பாதிச் சவரத்தில் நிற்கும் பாட்டு

ஓமோர்ஃபோ,
8 பிப்ரவரி 2004

என் அருமை மாப்பிள்ளை கிளியாந்திஸுக்கு,

சவரக்கடை தஹ்சின் எழுதுவது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்துக்குப் போன நாட்களைவிட வாத்தியார் என்னைத் தேடி வந்த நாட்கள்தான் அதிகம். உங்கள் கிரேக்க எழுத்து எனக்கு வராது. பேச்சு மட்டும் வரும், அதுவும் நம் ஊர் வ்ரிசியில் உன்னோடு கோலி ஆடி வந்தது. ஆகவே உங்கள் பேச்சை எங்கள் துருக்கி எழுத்தில் எழுதியிருக்கிறேன். கண்ணால் மட்டும் படித்தால் புழு நெளிகிற மாதிரி இருக்கும். வாய்விட்டுப் படி, புரியும். வாய்விட்டுப் படித்தால் அடுக்களையில் இருக்கிற உன் மனைவி தெஸ்பினாவுக்கும் கேட்கும். கேட்கட்டும். தங்கச்சி, சௌக்கியமா?

இதைக் கொண்டு வருகிறவன் ரெஷாத், எங்கள் தெருக் கொத்தனார். போன வருஷம் எல்லைச் சாவடி திறந்ததிலிருந்து திங்கட்கிழமை உங்கள் பக்கம் கட்டட வேலைக்கு வந்து வெள்ளிக்கிழமை திரும்புகிறான். இந்தத் தீவில் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் தபால் கிடையாது. சிமெண்டு உண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். நம் இரண்டு பக்கத்தையும் மறுபடி ஒரே நாடாக ஒட்டப்போகிறார்களாம், ஏப்ரலில் ஓட்டு. அதற்குள் கொடி வேண்டும், தேசியப் பாட்டு வேண்டும் என்று அவசரம். இத்தனை காலமும் நீங்கள் எழுந்து நின்றது கிரீஸ் நாட்டுப் பாட்டுக்கு. நாங்கள் நின்றது துருக்கிப் பாட்டுக்கு. அடுத்த வீட்டு ரேடியோவுக்குக் காலாட்டியே காலத்தை ஓட்டியாயிற்று. இப்போது ஒரு குழு மெட்டுக் கேட்கிறது. யார் வேண்டுமானாலும் பதிவு பண்ணி அனுப்பலாமாம். ஒரே நிபந்தனை, சொல் இருக்கக்கூடாது. நாம் வாயைத் திறந்தால் சண்டை வரும் என்று கண்டுபிடிக்க இவர்களுக்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.

சொல் இல்லாத மெட்டு, இரண்டு பேருக்கும் சொந்தமான மெட்டு, எனக்குத் தெரிந்து ஒன்றுதான். மாப்பிள்ளைச் சவர மெட்டு.

சிரிக்காதே. யோசித்துப் பார். உங்கள் கல்யாணமானாலும் எங்கள் கல்யாணமானாலும் வ்ரிசியில் அது ஒன்றுதானே? மாப்பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து நான் சோப்பு போடுவேன், நீ பிடிலைக் கழுத்தில் வைப்பாய். ஒரு கன்னம் முடிந்ததும் நான் கத்தியைத் தூக்கிக்கொண்டு, "ஐயோ, கத்தி வெட்டமாட்டேங்குதே!" என்பேன். நீயும் வில்லைத் தூக்கிவிடுவாய். சொந்தபந்தம் தட்டில் காசு போட்டால்தான் மறு கன்னம், மறு பாதி மெட்டு. உன் கல்யாணம் இதே ஓமோர்ஃபோவில், தங்கச்சியின் அப்பா வீட்டில் நடந்ததே, மறந்துவிட்டதா? உன் மாமன் மகன் பூனை வாலை மிதித்த மாதிரி பிடில் வாசித்தான். நான் கத்தியைத் தூக்கினேன். ஒருத்தனும் பையில் கை விடவில்லை. உன் மாமனார் லெஃப்தேரிஸ் கூரையைப் பார்த்தார். நீ பாதி மீசையோடு ஆட்டுக்குட்டி மாதிரி முழித்தாய். கடைசியில் உள்ளறைக் கதவிடுக்கில் ஒரு வளையல் கை நீண்டு காசை எறிந்தது. தன் மாப்பிள்ளைக்குத் தானே காசு போட்ட பெண் இந்தத் தீவிலேயே ஒருத்திதான். ஆளைச் சொல்லமாட்டேன். அடுக்களையில் இருக்கிறாள்.

சல்லடைக்குத் தோல் கட்டின என் சல்லடை மேளத்தை நான் தட்டுகிறேன், நீ வாசி. ஆனால் நீ இங்கே வரவேண்டும். போன கோடையில் நான் லிமசோலுக்கு வந்தேன், பாதிக் காப்பியில் எழுந்து போனேன். மீதிக் காப்பியை இங்கே நாம் மூன்று பேரும் குடிப்போம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பாட்டெல்லாம் ஒரு சாக்கு.

உன்
தஹ்சின்

~

லிமசோல்,
19 பிப்ரவரி 2004

தஹ்சின் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வாய்விட்டுத்தான் படிக்க வேண்டியிருந்தது. கடைப் பலகை எழுத்து உங்களுக்குப் படிக்க வரும் என்பதால் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

தேசியப் பாட்டு என்பது சோப்பு நுரையோடு கேட்கிற விஷயம் இல்லை. மனிதர்கள் அதற்காக நெஞ்சை நிமிர்த்தி நிற்க வேண்டும். அதற்குத்தான் படித்த இசைக்காரர்கள் இருக்கிறார்கள். நான் திராட்சை ஆலையில் எடை போட்டு ஓய்வு பெற்றவன். பிடில் பெட்டியைத் திறந்து எத்தனையோ காலம் ஆகிறது.

அங்கே வருவதைப் பற்றி. வரமாட்டேன். என் சொந்தத் தீவில், ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற பையனிடம் பாஸ்போர்ட்டைக் காட்டி, ஒரு துண்டுத் தாளில் முத்திரை வாங்கிக்கொண்டு போக என் கை நீளாது. அந்நிய நாட்டுக்குப் போகிறவன்தான் பாஸ்போர்ட் காட்டுவான். போகிறவர்களைக் குறை சொல்லவில்லை. என்னால் முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் சிரித்துக்கொண்டே எழுத உங்களுக்கு எப்படி முடிகிறது? போன கோடையில் நீங்கள் வந்தபோது தெஸ்பினா கேட்டாள், "அண்ணா, ஓமோர்ஃபோல எந்தத் தெரு?" என்று. நீங்கள் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "உன் தெருதான். உன் வீடுதான்" என்றீர்கள். அவள் அப்பா கட்டிய வீட்டில், அவள் பிறந்த அறையில் நீங்கள் இத்தனை வருஷமாகத் தூங்குகிறீர்கள் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் அகதிக் குடியிருப்பில், ஒழுகுகிற கூரைக்கு அடியில் செத்தார். நீங்கள் போன பிறகு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "யாரோ ஒருத்தன் இருக்கான்னா திட்டிட்டுத் தூங்கிடுவேன். இத்தனை நாளா அப்படித்தான் தூங்கினேன். தஹ்சின் இருக்கான்னா எப்படிங்க திட்டுறது?"

எனக்கும் அதுதான். உன்னைத் திட்டவும் முடியவில்லை. களைப்பாக இருக்கிறது.

கிளியாந்திஸ்

~

ஓமோர்ஃபோ,
29 பிப்ரவரி 2004

மாப்பிள்ளைக்கு,

"அவர்களுக்கு" என்று எழுதினாயே, படித்துவிட்டு எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். கடைசி வரியில் "உன்னை" என்று வந்த பிறகுதான் மூச்சு வந்தது.

நல்லது, வீட்டுக் கதையைச் சொல்கிறேன். தங்கச்சி, குழாயை மூடிவிட்டுக் கேள்.

எழுபத்துநாலு சண்டையில் இந்த ஊரை விட்டு உங்கள் ஆட்கள் தெற்கே ஓடினார்கள், எழுபத்தைந்தில் எங்களை வ்ரிசியிலிருந்து வடக்கே பேருந்தில் ஏற்றினார்கள். நீ சாலையோரம் நின்றாய், கையைத் தூக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. ஓமோர்ஃபோ சந்தையில் இறக்கிவிட்டு ஒரு அதிகாரி மேசை போட்டு வீடு பிரித்துக்கொண்டிருந்தான். தெருவெல்லாம் அழுகின ஆரஞ்சு நாற்றம். என் மனைவி நெஸிரே இடுப்பில் குழந்தை, கையில் ஒரு சட்டி. என் முறை வந்தது.

"எந்த வீடு வேணும்? சீக்கிரம் சொல்லு, பின்னால எத்தனை பேர் நிக்குறாங்க பாரு."

எனக்கு அந்த ஊரில் ஒரே ஒரு கதவுதான் தெரியும். கல்யாணத்துக்கு வந்தபோது சோப்புத் தண்ணீர் கேட்டுத் தட்டின கதவு. "சர்ச்சுக்குப் பின்னாடி நீலக் கதவு வீடு" என்றேன்.

"ஏன், சொந்தக்காரங்க வீடா?"

"ஆமா."

அவன் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டான். பொய் சொன்னேனா? நான் சவரம் பண்ணின மாப்பிள்ளை, எனக்கு மாப்பிள்ளைதானே? அந்த வீட்டுக்கு யார் வேண்டுமானாலும் வந்திருப்பான். கதவைப் பிடுங்கி விறகாக்கினவர்களையும் இந்தத் தெருவில் பார்த்திருக்கிறேன். தெரிந்தவன் நான் இருக்கட்டும் என்று நினைத்தேன். தெரிந்தவன் இருப்பதுதான் கூடுதல் வலி என்று இப்போது நீ எழுதித்தான் தெரிகிறது. எனக்கு அது உறைக்கவே இல்லை. எழுதிச் சொல்ல அப்போது வழி ஏது? வழி வந்த பிறகு சொன்னேன். காப்பி போயிற்று.

உன் மாமனார் நாற்காலி, அந்தக் கோரைப் பின்னல் நாற்காலி, உன்னை உட்காரவைத்தோமே, அது என் கடையில்தான் இருக்கிறது. முன் அறையைத்தான் கடையாக்கியிருக்கிறேன். இந்த ஊர்த் தாடைகள் எல்லாம் அதில்தான் சாய்கின்றன. கோரையை மட்டும் இரண்டு தடவை மாற்றினேன்.

இந்த ஒட்டுத் திட்டத்தில் நாடு ஒன்று, பக்கம் இரண்டு; ஓமோர்ஃபோ உங்கள் பக்கம் போகிறது, உனக்கும் தெரியும். வீடு தங்கச்சிக்குத் திரும்பும். நான் மறுபடி மூட்டை கட்ட வேண்டும். நெஸிரேயிடம் சொன்னேன், அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "இந்தத் தடவை எந்தச் சட்டிய எடுத்துக்கிறது?" என்றாள். நான்தான் பெரிய பேச்சுக்காரன், கடைக்குப் போய்க் கூட்டின தரையையே மறுபடி கூட்டினேன். ஆனாலும் நான் "சரி" என்றுதான் போடப்போகிறேன். அந்தக் கதவுக்குள் நான் விருந்தாளியாக வந்தவன். விருந்தாளியாகவே போகலாம் என்று பார்க்கிறேன்.

வரமாட்டாய் என்றால் விடு. அங்கேயே வாசித்து ஒரு கேசட்டில் பிடித்து ரெஷாத் கையில் கொடு. மேளத்தை இங்கே நான் சேர்க்கிறேன். பிடில் சாவடி தாண்ட பாஸ்போர்ட் கேட்கமாட்டார்கள்.

தஹ்சின்

~

லிமசோல்,
11 மார்ச் 2004

தஹ்சினுக்கு,

கேசட் இதனுடன் இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் தெஸ்பினா மூடின குழாயைத் திறந்தாள். பிறகு, "கதவு இன்னும் நீலமாத்தான் இருக்கா?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? "வாசிச்சு அனுப்பித் தொலைங்க, அவன் விடமாட்டான்" என்றாள்.

அடுக்களையில்தான் வாசித்தேன், அங்கேதான் தெருவுக்குக் கேட்காது. இரண்டு தந்தி புதிதாகப் போட்டேன். விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரே தடவைதான் வாசித்தேன், திரும்பக் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டால் அனுப்பமாட்டேன் என்று தெரியும். ஆலையில் என்னோடு வேலை பார்த்தவர்களிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால், துருக்கிக்காரனோடு சேர்ந்து சவரப் பாட்டு அனுப்பினான் என்று நான் சாகிறவரை சொல்வார்கள்.

கிளியாந்திஸ்

~

ஓமோர்ஃபோ,
21 மார்ச் 2004

அட மாப்பிள்ளை,

உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியாமல் இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

கடையில் கூட்டமாக இருக்கும்போது கேசட்டைப் போட்டேன். பாதிப்பேர் வ்ரிசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பிடில் தொடங்கியதும் கடை அடங்கிவிட்டது. நாற்காலியில் இருந்தவன் தானாகக் கழுத்தை நீட்டினான். முதல் பாதி முடிந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. சத்தமே இல்லை.

"டேப்பு செத்துப் போச்சு" என்றான் ஒருத்தன்.

"மெஷின்ல தட்டு."

"தட்டாதீங்கடா!" என்று மூலையிலிருந்து ஆரஞ்சுக் கிடங்கு அலி கத்தினான். "டேப்பு நல்லாத்தான் இருக்கு. பிடில்காரன் காசு கேக்குறான்!"

மாப்பிள்ளை, நீ நிறுத்தியிருக்கிறாய்! மாப்பிள்ளையும் இல்லை, சொந்தமும் இல்லை, தட்டும் இல்லை, உன் அடுக்களையில் தனியாக உட்கார்ந்து வாசிக்கிறாய், ஆனாலும் பாதியில் கை தானாக வில்லைத் தூக்கிவிட்டது. ஒரு குடும்பம் பையைத் தடவி முணுமுணுத்துக் காசு போட எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரமும் காத்திருக்கிறாய். அந்த அமைதியில் ஒரு குழாய் சொட்டுகிறது. யாரோ ஒரு பெண் மூச்சு விடுகிறாள். யாரும் போடவில்லை. பிறகு நீயே அலுத்துப்போய் மறு பாதியைத் தொடங்குகிறாய்.

சிரித்து முடித்ததும் கடையில் ஒருத்தன் பையைத் தடவிப் பார்த்தான். ஏனோ எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

அந்தச் சத்தமில்லாத இடத்தை வெட்டச் சொன்னார்கள். நான் வெட்டவில்லை. உன் கேசட்டை ஓடவிட்டு நான் சல்லடை மேளம் தட்ட, அலியின் மெஷினில் இரண்டையும் சேர்த்துப் பிடித்தோம். நீ நிறுத்தின இடத்தில் நானும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அப்படியே குழுவுக்கு அனுப்பிவிட்டேன், உன் பேரும் என் பேரும் போட்டு. நாடு முழுக்க எழுந்து நிற்கிற அன்றைக்கு அந்த இடம் வரட்டும். காசு யார் போடுவது என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளட்டும்.

தங்கச்சி, கதவு நீலம்தான். நடுவில் நெஸிரே பச்சை அடித்தாள், எனக்குப் பொறுக்கவில்லை, மறுபடி நீலம் அடித்தேன்.

நீ எதில் போடப்போகிறாய், மாப்பிள்ளை? சரியா, வேண்டாமா?

தஹ்சின்

~

லிமசோல்,
13 ஏப்ரல் 2004

தஹ்சினுக்கு,

ஈஸ்டர் முடிந்தது. சிவப்பு முட்டைகளை மோதி உடைத்தோம், உடையாமல் தெஸ்பினாவின் முட்டைதான் ஜெயித்தது.

நீ கேட்டதைக் கேட்காதே. இங்கே வேறு பேச்சே இல்லை. தொலைக்காட்சியில் கத்துகிறார்கள், சர்ச்சில் சொல்கிறார்கள், காப்பிக் கடையில் நாற்காலியைத் தூக்குகிறார்கள். என் மகன் வந்து, "துருக்கிப் பட்டாளம் அங்கேயேதானே இருக்கப்போகுது, எதை நம்பிப் போடுறது?" என்கிறான். தெஸ்பினா, "முப்பது வருஷம் நம்பாம இருந்தோமே, என்ன கெடச்சுது?" என்கிறாள். இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் தொலைக்காட்சியைப் பார்க்கிறேன்.

முன்பெல்லாம் கோபம் வந்தால் உடம்பில் தெம்பு வரும். இப்போது கோபப்பட்டால் தூக்கம் வருகிறது.

ரெஷாத் கையில் ஈஸ்டர் பலகாரம் கொடுத்திருக்கிறேன், பாலாடைக்கட்டி வைத்தது. தெஸ்பினா செய்தது. உனக்கு இல்லையாம், நெஸிரேக்காம்.

கிளியாந்திஸ்

~

ஓமோர்ஃபோ,
25 ஏப்ரல் 2004

மாப்பிள்ளைக்கு,

ராத்திரியே ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் சரி என்றிருக்கிறோம். நீங்கள் வேண்டாம் என்றிருக்கிறீர்கள், ஒரு பக்கம் வேண்டாம் என்றாலே திட்டம் செத்தது. வீட்டை விட்டுப் போகவேண்டிய இந்த ஊரிலும்கூடச் சரிதான் ஜெயித்தது. அலி அழுதான். அவனை அதில் கிண்டல் பண்ண எனக்கு நாக்கு வரவில்லை.

நெஸிரே இரண்டு சட்டிகளைப் பழைய துணியில் சுற்றிவைத்திருந்தாள். காலையில் எடுத்துப் பிரித்துக் கழுவி வைத்துவிட்டாள். சந்தோஷப்பட்டாளா என்று கேட்காதே. கையைக் கழுவிவிட்டு, "ச்சே" என்றாள்.

உங்களில் நாலில் மூன்று பேர் வேண்டாம் என்றார்களாம். நீ அந்த நாலாவது ஆள் என்று நினைத்துக்கொண்டு தூங்கலாமா?

தஹ்சின்

~

லிமசோல்,
6 மே 2004

தஹ்சினுக்கு,

நான் நாலாவது ஆள் இல்லை.

உன்னை மறுபடி வீடு மாற்றக்கூடாது என்றுதான் வேண்டாம் என்று போட்டேன், இப்படி எழுத ஆசையாக இருக்கிறது. மூன்று நாள் மனதில் அப்படியே எழுதிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் உண்மை இல்லை. ஓட்டுச்சாவடித் திரைக்குப் பின்னால் பேனாவை எடுத்தபோது உன் ஞாபகமே வரவில்லை. பயம்தான் வந்தது. இத்தனை வருஷம் "திரும்பிப் போவோம், திரும்பிப் போவோம்" என்று சொல்லியே வாழ்ந்தாயிற்று. நிஜமாகவே போ என்று யாரோ சொன்னதும் கால் கூசிவிட்டது. புது நாடு, புதுக் கொடி, மறுபடி உங்களோடு பங்கு, மறுபடி ஏதாவது ஆகிவிட்டால் மறுபடி ஓட்டம். எனக்கு அவ்வளவு தெம்பு இல்லை. இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று கை போட்டுவிட்டது.

தெஸ்பினா சரி என்று போட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் நான் சொல்லாமலேயே கண்டுபிடித்துவிட்டாள். "உங்களுக்கு வீடு வேண்டாம். வீட்டைப் பத்தின அழுகைதான் வேணும்" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. சோற்றை வைக்கிறாள், போகிறாள்.

ஒன்றாம் தேதி நாங்கள் ஐரோப்பிய நாடுகளின் கூட்டில் சேர்ந்துவிட்டோம் என்று கடற்கரையில் வாணவேடிக்கை. அதற்கு ஒரு பாட்டு வாசித்தார்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தேன், யாரும் கவனிக்கவில்லை.

இதற்குப் பதில் எழுதவேண்டாம். எழுதினாலும் வாய்விட்டுப் படிக்க எனக்கு வெட்கமாக இருக்கும்.

கிளியாந்திஸ்

~

ஓமோர்ஃபோ,
22 மே 2004

மாப்பிள்ளைக்கு,

நீதான் வாய்விட்டுப் படிக்க வெட்கம் என்றாய். கவலையை விடு, இதை நீ படிக்கவேண்டியதில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் கோபமாக இருந்தேன். கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்ததில் வந்தவர்கள் பயந்து வாசலோடு போய்விட்டார்கள். பிறகு கோபமும் அலுத்துவிட்டது. பொய் எழுதியிருக்கலாமே நீ? எழுதியிருந்தால் நான் நம்பியிருப்பேன், ஊரெல்லாம் சொல்லியிருப்பேன், உனக்குச் சிலை வைத்திருப்பேன். எழுதவில்லை. பாதி மீசையோடு முழித்த அதே ஆள்தான் நீ.

கேசட் திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு தாள். அலி படித்துக் காட்டினான். "பதிவின் நடுவில் நீண்ட நேரம் ஒலி இல்லை. கருவிக் கோளாறு எனத் தெரிகிறது. ஆகவே பரிசீலிக்க இயலவில்லை." நம்மைக் கருவிக் கோளாறு என்று எழுதிவிட்டார்கள். அவர்கள் வேறு ஒரு மெட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார்களாம். அதுவும் பாவம், நாடு கிடைக்காமல் எங்கேயோ அலமாரியில் கிடக்கிறது. போகட்டும்.

இன்றைக்குச் சனிக்கிழமை. கடையில் அலிக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் கறுப்புக் கைப்பையோடு ஒரு பெண் நின்று கதவைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை, நீ கேட்டிருப்பாயே, தெஸ்பினா காலையிலேயே எங்கே கிளம்பினாள் என்று. அவள் பதில் சொல்லியிருக்கமாட்டாள்.

நிகோசியாச் சாவடியில் மேசைக்குப் பின்னாலிருந்த பையன், "எங்க போறீங்கம்மா?" என்று கேட்டானாம். "என் வீட்டுக்கு." "யாரைப் பார்க்க?" "வீட்டைத்தான் பார்க்க." அவன் துண்டுத் தாளில் முத்திரை குத்திக் கொடுத்தானாம். அந்தத் தாளை விசிறியாக வைத்துக்கொண்டு வந்தாள்.

"தங்கச்சி" என்றேன். கத்தி கையிலேயே இருந்தது.

"சும்மா இரு. முதல்ல நான் பாக்கணும்" என்று உள்ளே போய்விட்டாள்.

நெஸிரேயும் அவளும் அறை அறையாகப் போனார்கள். நான் பின்னால் போகவில்லை. அடுக்களையில் பேச்சுச் சத்தம் கேட்டது. "ஜன்னலை மட்டும்தான் மாத்தினோம், காத்து வரல" என்றாள் நெஸிரே. "அப்பவும் வராது. எங்கப்பாகிட்டச் சொல்லிச் சொல்லிப் பார்த்தோம்" என்றாள் இவள். பிறகு இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சேப்பங்கிழங்கைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்தார்கள், கழுவி நறுக்குவதா, துடைத்துவிட்டு உடைப்பதா என்று. அப்போதுதான் நான் கத்தியைக் கீழே வைத்தேன். அலி அதுவரைக்கும் காய்ந்த சோப்போடு உட்கார்ந்திருந்தான்.

அவனை எழுப்பிவிட்டு அவளை அந்த நாற்காலியில் உட்காரவைத்தோம். நெஸிரே காப்பி கொண்டுவந்தாள். தங்கச்சி கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள், உன் வீட்டில் நான் பாதியில் வைத்தேனே, அதற்கும் சேர்த்து. "எடுத்துக்கிட்டுப் போ, உங்கப்பா நாற்காலி" என்றேன். "இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

"அந்த டேப்பைப் போடு. அன்னிக்கு அவர் வாசிக்கிறப்ப நான் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே திரும்பி நின்னேன். ஒழுங்காக் கேக்கல."

போட்டேன். உன் பிடிலும் என் மேளமும். அவள் கையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த இடம் வந்தது. நின்றது. குழாய் சொட்டியது. அந்தப் பெண்ணின் மூச்சு கேட்டது. நாற்காலியில் இருந்தவள் கண்ணைத் திறந்தாள்.

"இது நானு" என்றாள்.

பிறகு கைப்பையைத் திறந்தாள். துழாவினாள். கண்ணாடிக்கு முன்னால் நான் சோப்பு குழைக்கிற பித்தளைத் தட்டில் ஒரு காசைப் போட்டாள், டங்கென்று. உங்கள் பக்கத்துக் காசு. எங்கள் ஊரில் அது செல்லாது.

"அன்னிக்கும் நான்தான் போட்டேன், இன்னிக்கும் நானேவா?" என்றாள். அவள் சொல்லி முடிக்கவும் உன் பிடில் மறு பாதியைத் தொடங்கவும் சரியாக இருந்தது. அலி தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்து நின்றான். வாசலில் முறைக்குக் காத்து உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் எழுந்தார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை, மாப்பிள்ளை. நானும் நின்றேன். நெஸிரே கையில் காப்பித் தட்டோடு நின்றாள். தங்கச்சி மட்டும் உட்கார்ந்திருந்தாள், வீட்டுக்காரி.

வீடு என்ன ஆகும், யார் எங்கே போவோம், ஒன்றும் பேசவில்லை. பேசத் தெம்பும் இல்லை. அந்தக் காசு தட்டிலேயே கிடக்கிறது, நான் எடுக்கவில்லை. காசு விழுந்துவிட்டது என்றால் மறு கன்னத்தை முடித்தாக வேண்டும். அது எங்கள் தொழில் முறை, தெரியும்தானே? கத்தி தீட்டியிருக்கிறது. நாற்காலி காலியாக இருக்கிறது. தாடைதான் லிமசோலில் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை ரெஷாத் கொண்டு வரவில்லை. தங்கச்சியின் கைப்பையில் போகிறது. நீ வாய்விட்டுப் படிக்கும்போதெல்லாம் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்து அவளுக்கு என் எழுத்து பழகிவிட்டதாம். உன்னோடு பேசமாட்டாளாம், ஆனால் படித்துக் காட்டுவாளாம். ஆக, இப்போது நீ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய், அவள் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தில் இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது. அதில்தான் உன்னை நான் என்ன நினைக்கிறேன் என்று எழுதியிருக்கிறேன்.

தங்கச்சி, இங்கே நிறுத்து. அவன் எழுந்து போய்ப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வருகிறவரைக்கும் மேலே படிக்காதே.